பிலோமினா வாங்காத லென்ஸ்

பிலோமினாவுக்குச் சீக்கிரம் அருவருப்பு வந்துவிடும். பழவேற்காடு ஏரிக்கரைத் தோணிரேவில் இது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. டீக்கடையில் கழுவாத டம்ளரைக் கண்டால் டீயே வேண்டாம் என்று போய்விடுவாள். பஸ்ஸில் கண்டக்டர் எச்சில் தொட்டுக் கிழித்துக் கொடுத்த டிக்கெட்டை நுனியில் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை உட்கார்ந்திருப்பாள். நண்டு வலை போடுகிற வீட்டில் பிறந்துவிட்டு இப்படி ஒரு மூக்கா என்று அவள் நைனாவே கேலி செய்வார். வலையில் சிக்கிச் செத்து நாறின நண்டை அவர் பிய்த்து எறிகிற நேரத்தில் அவள் நாலு வீடு தள்ளிப் போய் நின்றிருப்பாள்.

பள்ளிக்கூடம் முடித்ததும் அவளுக்குக் கிடைத்தது ஒரு இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை. ஐஸ் தண்ணீரில் ஊறி விரல் வெடிக்கும். வெடிப்பில் ஓடு குத்தும். சாயங்காலம் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து முழங்கை வரைக்கும் தேய்த்தாலும் வாடை போகாது. சாப்பிடக் கையை வாயருகே கொண்டுபோனால் குமட்டும். ஸ்பூன் வைத்துச் சாப்பிடுகிறாள், பெரிய கலெக்டர் என்று கூட உரிக்கிற பெண்கள் சிரித்தார்கள். ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு பொன்னேரியில் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் ஆள் வேண்டும் என்று கேள்விப்பட்டு, சம்பளம் குறைவு என்று தெரிந்தும் ஓடினாள். கையில் வாடை ஒட்டாத வேலையாக இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

அங்கே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கல்யாணப் பெண்களை வெளுக்க வேண்டும். ஏரி வெயிலில் கறுத்த கன்னங்களுக்கு மாவு பூசின மாதிரி நிறம் ஏற்றி, மருவையும் மாசையும் துடைத்து ஆல்பத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த வேலையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டாள். கூடவே கேமராவையும் கற்றுக்கொண்டாள். ஒருநாள் கடை சாத்துகிற நேரத்தில் உள்ளே போனபோது, முதலாளி ஒரு மஞ்சள் நீராட்டுச் சடங்கு வீட்டுப் படங்களைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டத்துக்குப் பின்னால் நின்று ஜூம் போட்டு அவரே எடுத்தவை. அந்த வீட்டுப் பெண்கள் யாருக்கும் தாங்கள் படத்தில் இருப்பது தெரிந்திருக்காது. எந்த இடத்தைப் பெரிதாக்கியிருந்தார் என்பதைப் பிலோமினா யாரிடமும் சொன்னதில்லை. மறுநாள் வேலைக்குப் போகவில்லை.

அதன் பிறகுதான் சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தது. யாரோ பயன்படுத்தி விற்ற பழைய கேமரா ஒன்று, அதோடு வந்த ஜூம் லென்ஸ் ஒன்று, ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று. அதற்குள் சாலமனோடு கல்யாணமும் முடிந்திருந்தது. அவன் மீஞ்சூர் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு சின்ன அறை பார்த்து, சுவருக்கு வெள்ளை அடித்து, பெயர்ப் பலகை மாட்டிக் கொடுத்தான். சடங்கு, வளைகாப்பு, ஞானஸ்நானம் என்று பெண்கள் அதிகம் இருக்கிற விசேஷங்களுக்கு அவளைத்தான் கூப்பிட்டார்கள். பொம்பளை போட்டோக்காரி வந்தால் நிம்மதியாக முந்தானையைச் சரி செய்துகொள்ளலாம் என்றார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது.

பிறகு ஒரு மழைக்காலத்தில் எல்லாம் கெட்டது.

அந்த முறை மழை விட்டுவிட்டுப் பெய்தபடியே இருந்தது. ஒரே ஒரு ஞானஸ்நானத்தைத் தவிர விசேஷங்கள் இல்லாததால் கேமராப் பை பீரோவுக்குள் கிடந்தது. வெயில் வந்ததும் பையைத் திறந்தாள். காயாத துணி புளித்த வாடை முகத்தில் அடித்தது. ஜூம் லென்ஸை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள். உள்ளே, கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில், வெள்ளை வெள்ளையாய் நூல் கிளைத்துப் படர்ந்திருந்தது. பழைய சோற்றில் பூசணம் பூத்த மாதிரியே இருந்தது. மழைக்கு நடுவில் ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தை இந்த லென்ஸில்தான் எடுத்தாள். படங்கள் ஏதோ புகை மூட்டமாக இருந்ததற்குக் காரணம் அப்போது விளங்கவில்லை. அந்தப் பூசணத்தின் வழியாகத்தான் குழந்தையின் முகத்தைப் பார்த்தோம் என்று அப்போதுதான் உறைத்தது. லென்ஸைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவினாள்.

சென்னையில் ரிப்பேர் பார்க்கிறவர் அதைத் திறக்கக்கூட இல்லை. இது போயிடுச்சும்மா, மற்ற லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதே, அதற்கும் தொற்றிக்கொள்ளும் என்றார். கேமராவை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். உள்ளே இருக்கிற கண்ணாடி மேலே போனால் இறங்க மறுத்தது. இதுவும் கிழவிதான், கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஐம்பது எம்எம் மட்டும் தப்பித்தது.

மாறுவது என்று முடிவான பிறகு பல நாட்கள் அவள் போனில் கேமரா வீடியோக்களாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க வெறுத்துப் போனது. பெட்டியைப் பிரிக்கிறதையே அரை மணி நேரம் காட்டுகிறார்கள். ஒருவன் போற்றுகிற லென்ஸை இன்னொருவன் குப்பை என்கிறான். அத்தனை பேரும் சோதித்துக் காட்டுவது மொட்டை மாடியில் நிற்கிற ஒரே மாதிரி வெள்ளைப் பெண்ணின் இமை மயிரை. வியர்த்து வழிகிற கூட்டத்தில், டியூப் லைட் வெளிச்சத்தில், கறுத்த முகங்களை எந்த லென்ஸ் நன்றாக எடுக்கும் என்று ஒருவனும் சொல்லவில்லை.

சாலமன் லீவு போட்டுக்கொண்டு அவளோடு சென்னைக் கடைக்கு வந்தான். விற்பனைக்காரர் அவனைப் பார்த்தே பேசினார். மேடத்துக்குக் கனமில்லாமல் ஒன்று காட்டவா சார் என்றார். கேமரா அவளுக்கு, நான் போனில் எடுத்தாலே ஆட்களின் தலை வெட்டுப்படும் என்று சாலமன் சொன்ன பிறகும் அவர் முகம் இவள் பக்கம் திரும்பவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். பழவேற்காடு என்றதும், அப்போ பறவைதான் என்று கை நீளத்துக்கு ஒரு பெரிய வெள்ளை லென்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். ஏரிக்கரையில் இருப்பவர்களுக்குப் பறவையைத் தவிர வேறு பிழைப்பே இருக்காது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்தபோது பிலோமினா அவரை மறந்துபோனாள். பழையதில் எடுத்த பிறகுதான் படம் இருட்டா வெளிச்சமா என்று தெரியும். இதில் எடுக்குமுன்பே எல்லாம் தெரிந்தது. சாலமனைப் பார்த்துத் திருப்பினாள். ஒரு சின்னச் சதுரம் தானாக ஓடிப் போய் அவன் கண்மேல் உட்கார்ந்தது. அவன் தலையை ஆட்டினால் அதுவும் கூடவே போனது. அழுத்தினாள். சத்தமே வரவில்லை. எடுத்துவிட்டாயா என்று அவன் கேட்டான்.

கேமராவையும், பழைய ஐம்பதைப் பொருத்த ஒரு அடாப்டரையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். புது லென்ஸ் அந்த வருஷத்துக்கு ஒன்றுதான் முடியும். எது என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. எழுபது-இருநூறு எம்எம் ஜூம் என்றால் கல்யாண மண்டபத்தில் வீடியோக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் நின்றே தாலி கட்டுவதை எடுத்துவிடலாம். கோவிலில் பீடத்துக்குப் பக்கத்தில் போய் பாதரிடம் திட்டு வாங்க வேண்டாம். முப்பத்தைந்து எம்எம் என்றால் அறை முழுக்க விழும். இந்தப் பக்கத்து வீடுகளில் சடங்குப் பெண்ணை உட்கார வைக்கிற இடம் கட்டில் அகலம்தான். ஆனால் அதற்கு ஆளோடு ஆளாகப் போய் நிற்க வேண்டும். வியர்வை, மல்லிகைப்பூ, வாந்தியெடுத்த குழந்தை எல்லாம் மூக்குக்குக் கீழேயே இருக்கும். அவள் மனசு எழுபது-இருநூறின் பக்கமே சாய்ந்தது.

இந்த நேரத்தில்தான் பரத் போன் செய்தார். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர். சனி ஞாயிறுகளில் படமெடுக்க ஆசைப்படுகிறவர்களை வேனில் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். பூநாரை வருகிற சமயத்தில் இரண்டு மூன்று தடவை பழவேற்காட்டுக்கும் வந்து போயிருந்தார். இந்த முறை பறவை வேண்டாம், ஏரியில் கையால் தடவி இறால் பிடிக்கிற பெண்கள் வேண்டும் என்றார். ஆட்களை ஏற்பாடு செய்து கொடுத்தால், தன்னிடம் இருக்கிற லென்ஸ்களை எல்லாம் ஒரு நாள் முழுக்க அவள் கேமராவில் மாட்டிப் பார்த்துக்கொள்ளலாம், ஒரே கம்பெனிதான், சரியாகப் பொருந்தும் என்றார். பிலோமினா உடனே சம்மதித்தாள்.

அவள் தெருவுக்கு அடுத்த தெருவில் எல்லம்மா இருந்தாள். நாற்பதைத் தாண்டின பெண். சின்ன வயசிலிருந்தே ஏரியில் தடவுகிறவள். இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் சேற்றைத் துழாவி, அகப்படுகிற இறாலைப் பறியில் போடுவது வேலை. பறி என்பது ஓலையில் முடைந்த பை. இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால் அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் கூலி தருகிறார்கள், சும்மா நின்றால் போதும் என்று பிலோமினா சொன்னதும் எல்லம்மா சிரித்துவிட்டாள். எறா இல்லாத தண்ணியில் நிற்பதற்குக் கூலியா என்று கேட்டு, இன்னும் இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டாள்.

பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. பத்துப் பேர் இறங்கினார்கள். எல்லோர் கழுத்திலும் இரண்டு கேமரா. பரத் மரியாதையான ஆள், எல்லோரையும் அம்மா, சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். எழுபது-இருநூறை எடுத்துத் தன் கையாலேயே பிலோமினாவின் கேமராவில் மாட்டிக் கொடுத்தார். அவள் அதைத் தூக்கித் தூரத்தில் ஒரு படகைப் பார்த்தாள். படகுக்காரன் பீடியைப் பற்றவைப்பது, அவன் கட்டை விரல் நகத்தில் இருந்த அழுக்கு வரைக்கும் தெரிந்தது. பின்னால் ஏரி முழுக்கப் பாலாய்க் கரைந்து கிடந்தது. இதைத்தான் வாங்க வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டாள்.

எல்லம்மா வழக்கமாக ஏரிக்குப் போகிற மாதிரியே வந்திருந்தாள். புடவைமேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டை, காலில் கிழிந்த சாக்ஸ், தலையில் துண்டு. பரத் அவளைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். வேனிலிருந்து ஒரு சிவப்புப் புடவையும் பளபளக்கிற ஓலைப் பை ஒன்றும் வந்தன.

"சிஸ்டர், அந்தச் சட்டை, சாக்ஸ் எல்லாம் கழட்டிடச் சொல்லுங்க. நேச்சுரலா இருக்கணும்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, அந்தக் காலத்தில் ரவிக்கை போடாமல்தானே இறங்குவார்கள், அப்படிக் கிடைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார்.

அது நடக்காது என்று பிலோமினா வெடுக்கென்று சொன்னாள். சாரி சாரி, சும்மா ஒரு யோசனைதான் என்று அவர் பின்வாங்கினார். ஆனால் சட்டையும் சாக்ஸும் போயின. சிப்பி காலை அறுத்துவிடும் என்று எல்லம்மா முனகினாள். அப்புறம் கூலிக்கு வந்தாயிற்றே என்று கழற்றிக் கரையில் வைத்தாள். அந்தப் பையின் கயிற்றைப் பல்லில் கடித்தவள் உடனே துப்பினாள்.

"இதுல வார்னிஷ் நாத்தம் அடிக்குதுமே. கொமட்டுது."

கண்காட்சியில் வாங்கின பை அது. எத்தனையோ பேர் இதை முன்பே கடித்திருந்தார்கள் என்று கயிற்றில் இருந்த பல் தடங்களைப் பார்த்தாலே தெரிந்தது. பிலோமினா அந்தத் தடங்களைப் பார்த்தாள். பார்த்துவிட்டும் தண்ணீரில் அலசி எல்லம்மாவிடமே கொடுத்தாள்.

வெளிச்சம் நன்றாக விழுகிறது என்று பரத் காட்டிய இடம் படகுகள் நிற்கிற ஓரம். இறாலுக்காக யாரும் அங்கே இறங்க மாட்டார்கள். டீசல் வானவில்லாய் மிதக்கும். வலையிலிருந்து உதறிப் போட்ட கழிவு மீன்களும் குடலும் ஊறிக் கிடக்கும். பெண்கள் மூவரும் அதற்குள் இறங்கினார்கள். கீழே போங்க, இன்னும் கீழே, மோவாய் தண்ணியைத் தொடட்டும், கண்ணை மட்டும் மேலே தூக்குங்க என்று பரத் சொல்லச் சொல்ல எல்லம்மா குனிந்தாள். கரையில் பத்துப் பேரும் முட்டி போட்டு உட்கார்ந்தார்கள். எல்லாம் புது மாதிரிக் கேமராக்கள். ஒன்றிலிருந்தும் சத்தமில்லை. தண்ணீரில் நிற்பவளுக்குத் தன்னை எப்போது எடுக்கிறார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று தெரிய வழியே இல்லை. அவள் குனிந்தபடியே இருந்தாள். வாயைத் திறந்து கேட்கவும் முடியாது, பல்லில் கயிறு.

பிலோமினா கொஞ்சம் தள்ளி, படகு ஒன்றின் முன்பக்க அணியத்தில் ஏறி நின்றிருந்தாள். லென்ஸை இருநூறுக்குத் தள்ளினாள். எல்லம்மாவின் முகம் கட்டம் முழுக்க நிறைந்தது. சதுரம் ஓடிப் போய் அவள் வலது கண்ணில் ஒட்டிக்கொண்டது, ஈ உட்கார்ந்த மாதிரி. பிலோமினா பொத்தானை அழுத்தினாள்.

அப்போது அந்த முகம் மாறியது. புருவம் ஏறியது. மூக்கு விடைத்தது. கண்ணில் தண்ணீர் திரண்டு நின்று, பிறகு வழிந்தது. பல் கயிற்றை இன்னும் இறுக்கிக் கடித்தது. "சூப்பர்மா, அப்படியே, அப்படியே இருங்க" என்று பரத்தின் குரல் கேட்டது. பிலோமினாவின் விரல் பொத்தானிலேயே இருந்தது. இவ்வளவு அருமையான முகத்தை அவள் வாழ்க்கையில் எடுத்ததில்லை. சதுரம் நழுவவே இல்லை. கண்ணீர்த் துளிக்குள் படகின் நிழல்கூடத் தெரிந்தது.

பை வாயிலிருந்து விழுந்து எல்லம்மா அலறின பிறகுதான் விரல் எடுபட்டது.

பிலோமினா தோளில் கேமராவோடு தண்ணீரில் குதித்தாள். கெளுத்தி மீன். செத்த மீன்களின் குடலைத் தின்ன அந்த ஓரத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். சேற்றில் ஊன்றிய உள்ளங்கையில் முள் ஆழமாக ஏறி ஒடிந்திருந்தது. கை அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்து பிடிக்க, எல்லம்மாவைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். அவள் சிவப்புப் புடவையிலேயே வாந்தியெடுத்தாள். பத்துப் பேரும் சுற்றி நின்றார்கள். இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். ஒருவர் மட்டும் அவசரமாகப் பையில் துழாவி, கிட்டத்தில் எடுக்கிற லென்ஸை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"கைய மட்டும் ஒரு செகண்ட் அப்படியே வெச்சிருங்கம்மா."

பிலோமினா அந்த லென்ஸின் வாயில் உள்ளங்கையை வைத்து அவரைத் தள்ளினாள். அவர் பின்னால் சேற்றில் உட்கார்ந்தார். கேமராவைத் துடைத்துக்கொண்டே எழுந்தார்.

ஆட்டோவில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வெந்நீரில் கையை வைத்திருக்கச் சொல்லி, முள்ளை எடுத்து, ஊசி போட்டுக் கட்டினார்கள். வலி தணிகிறவரைக்கும் எல்லம்மா பிலோமினாவின் முழங்காலைப் பிடித்துக் கசக்கிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தபோதுதான் பிலோமினா தன் தோளில் கேமராவோடு பரத்தின் லென்ஸும் தொங்குவதைக் கவனித்தாள்.

பரத்தின் செய்தி அதற்குள் வந்திருந்தது. லென்ஸ் பத்திரம்தானே என்று முதல் வரி. அந்தம்மா இப்போ ஓகேயா என்று இரண்டாவது. மூன்றாவது கொஞ்சம் நீளம். எல்லோரும் பக்கவாட்டிலிருந்து எடுத்திருக்கிறார்கள், நேராக எடுத்தது நீங்கள் ஒருவர்தான். அந்த வரிசையை மட்டும் கொடுத்தால், லென்ஸை நீங்களே வைத்துக்கொள்ளலாம். நான் எப்படியும் புது மாடல் வாங்கப் போகிறேன்.

வீட்டுக்கு வந்து சாலமனிடம் காட்டினாள். அவன் லென்ஸைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஏரியில் இறங்குகிறவர்களுக்குக் கெளுத்தி குத்துவது புதுசா என்றான். நீ கொடுக்கவில்லை என்றால் அவர்களிடம் வேறு படமே இல்லையா என்றும் கேட்டான். அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதுதான் இன்னும் அருவருப்பாக இருந்தது. கொடுத்துவிடலாம் என்று அவள் மனசின் ஒரு ஓரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. கேமராவின் பின்பக்கத் திரையில் படங்களை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அத்தனை கூர்மை. பொன்னேரி முதலாளி திரையில் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. எழுந்து போய் முகம் கழுவினாள்.

மறுநாள் காலையில் கேமராவோடு எல்லம்மா வீட்டுக்குப் போனாள். எல்லம்மா வாசலில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் பொண்ணு போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தாள். படத்தைக் காட்டு என்று அவளே கேட்டாள். எந்தப் பொத்தானை அழுத்தினால் அடுத்தது வரும் என்று பிலோமினா சொல்லிக் கொடுத்தாள். எல்லம்மா இடது கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இதுல இன்னும் குத்தல. இதுல குத்திச்சி. இது வலி ஏர்றது." தள்ளிக்கொண்டே போனாள். முகம் வந்துகொண்டே இருந்தது. கடைசியில் வெறும் தண்ணீர் தெரிந்ததும் நிறுத்தினாள். "நீ எப்போ எறங்கின?"

"அதுக்கு அப்பால."

"இம்மாந்நேரமும் எட்த்துகினேதான் இருந்தியா?"

எல்லம்மா மறுபடியும் பின்னால் தள்ளி, கண்ணீர் திரண்டு நிற்கிற படத்தில் வந்து நின்றாள். அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லாத்தான் எட்த்துக்கீற. அதான் வயித்தெரிச்சலா கீது" என்றாள்.

லென்ஸ் விஷயத்தையும் பிலோமினா மறைக்கவில்லை. கொடுத்தால் லென்ஸ் கிடைக்கும், வேண்டாம் என்றால் இப்போதே அழித்துவிடுகிறேன், நீ சொல்லுக்கா என்றாள். எல்லம்மா டீயைக் குடித்து முடித்தாள். பொண்ணைக் கட்டிக் கொடுக்கிற வயசில், வாயில் பையைக் கடித்துக்கொண்டு அழுகிற முகத்தை ஊர் முழுக்கப் பார்க்க வேண்டுமா என்றாள். பிறகு, "அழிச்சிடு. எங் கண்ணு முன்னால அழி" என்றாள்.

அழிக்கவா என்று கேமரா கேட்டது. பிலோமினா ஆம் என்றாள். இருவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் லென்ஸை வாங்கிப் போகப் பரத் அவள் கடைக்கு வந்தார். பிலோமினா லென்ஸைத் துடைத்து மூடி போட்டு, துணியில் சுற்றி வைத்திருந்தாள். அழித்துவிட்டேன் என்று சொன்னதும் அவர் நம்பவில்லை. பிறகு நம்பினார். பெருமூச்சு விட்டார். நீங்கள் ரொம்ப எமோஷனலாகப் பார்க்கிறீர்கள், அந்தக் கஷ்டத்தை நாலு பேர் பார்த்தால்தானே அவர்களுக்கு நல்லது நடக்கும் என்று பொறுமையாக விளக்கினார்.

"உள்ள வந்து இம்மா நேரம் ஆச்சு சார். அந்தக்கா வீடு தோ கிட்டக்கதான். கை எப்படி இருக்குன்னு ஒரு எட்டு பாத்துட்டு வரலாமான்னு கேக்கவேயில்லையே நீங்க."

ஆட்டோவுக்கும் மருந்துக்கும் பணம் அனுப்பியிருந்தேனே சிஸ்டர் என்றார் பரத். லென்ஸைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தார். உப்புத் தண்ணீர் எங்காவது பட்டிருக்கிறதா என்று சுற்றிலும் விரலால் தடவிப் பார்த்துவிட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனார். அவர் தொட்ட மேஜையைப் பிலோமினா ஈரத் துணியால் துடைத்தாள்.

சாலமன் சொன்னது சரியாகத்தான் போனது. கொஞ்ச நாள் கழித்து இணையத்தில் ஒரு போட்டோகிராபி பக்கத்தில், பக்கவாட்டிலிருந்து எடுத்த எல்லம்மா வந்தாள். சிவப்புப் புடவை, வாயில் பை, கன்னத்தில் கண்ணீர். 'உழைப்பின் வலி' என்று தலைப்பு. ஏதோ போட்டியில் முதலிடமாம். கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடு போட்டிருந்தார்கள். எடுத்தவர், கிட்டத்து லென்ஸ் மாட்டிச் சேற்றில் உட்கார்ந்தவர்தான். பிலோமினா அதன் கீழே எழுதினாள்: இவர் பெயர் எல்லம்மா, இது உழைப்பு இல்லை, நீங்கள் நிற்கச் சொன்ன இடத்தில் கெளுத்தி குத்தியது, வலியில் அழுகிறார், புடவை உங்களுடையது. கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. மறுபடியும் எழுதப் போனபோது அந்தப் பக்கமே அவளுக்குத் திறக்கவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

எல்லம்மாவிடம் சொல்லலாமா என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் சொன்னாள். எல்லம்மா அந்த ஆளைக் காது கூசுகிற வார்த்தை ஒன்றால் திட்டினாள், அவ்வளவுதான். அடுத்த மாதம் வேறொரு கூட்டம் வந்தபோது, வேறு யாரோ ஏற்பாடு செய்து, எல்லம்மா மறுபடியும் நிற்கப் போனாள். பிலோமினாவுக்கு அதுவும் தாங்கவில்லை. ஏன்க்கா போன என்று கேட்டாள். கை இன்னும் தடவ வரவில்லை, நிற்கத்தான் முடியும், நின்றேன் என்றாள் எல்லம்மா. சட்டையும் சாக்ஸும் போட்டுக்கொண்டுதான் நிற்பேன், என் பறியைத்தான் கடிப்பேன், படகு ஓரத்தில் இறங்க மாட்டேன் என்று சொன்னாளாம். பாதிப் பேர் வேண்டா வெறுப்பாக எடுத்தார்களாம்.

பிலோமினா முப்பத்தைந்து வாங்கினாள். கடையில் அதே விற்பனைக்காரர். இதை வைத்துக்கொண்டு ஏரியில் என்ன எடுப்பீர்கள், ஆளின் மேலேயே போய் நிற்க வேண்டுமே என்று இந்த முறை நேராக அவளைப் பார்த்தே கேட்டார். அவள் லென்ஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளே சுத்தமாக இருந்தது. ஈரம் உறிஞ்சுகிற சின்னப் பொட்டலங்கள் கொஞ்சமும், மூடி இறுகுகிற ஒரு டப்பாவும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

அதில் முதலில் எடுத்தது காட்டூரில் ஒரு சடங்கு. வீடு சின்னது. கட்டிலை வெளியே தூக்கிப் போட்டும் அறைக்குள் இடமில்லை. பெண்ணுக்கு அலங்காரம் செய்து நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சுற்றிலும் அத்தைகள், சித்திகள், தட்டுகள், வியர்வை. பிலோமினா தட்டுகளுக்கு நடுவில் கால் வைக்க இடம் பார்த்து, பெண்ணுக்குக் கை எட்டுகிற தூரத்தில் போய் நின்றாள். யாரோ ஒருத்தியின் தலையெண்ணெய் அவள் தோளில் அப்பியது. பெண்ணின் தாய்மாமன் வாசலில் இருந்தே, முகத்தைக் கொஞ்சம் வெள்ளையாக்கிக் கொடுத்துவிடுங்கள் என்றான். அதெல்லாம் செய்வதில்லை, இருக்கிற நிறம்தான் வரும், முதலிலேயே சொல்லியிருக்கிறேன் என்றாள். அவன் முகம் கடுத்தது. அப்புறம் வேறு ஆளைக் கூப்பிட்டிருக்கலாமே என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது.

பிலோமினா கேமராவை உயர்த்தினாள். சதுரம் பெண்ணின் கண்ணுக்கு ஓடியது. பெண் சட்டென்று கையைத் தூக்கினாள்.

"அக்கா, இருங்க. சளி ஒழுவுது."

ஒரு சித்தி கைக்குட்டை தேடினாள். கிடைக்கவில்லை. இன்னொருத்தி தன் முந்தானையையே கொடுத்தாள். பெண் அதில் மூக்கைச் சிந்தினாள், ஒருமுறை, மறுபடியும் ஒருமுறை. பிலோமினாவுக்கு வழக்கம்போல் உடம்பு கூசியது. கேமராவை இறக்கிவிட்டு, அந்தப் பெண் தயாராகும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.